மருமகனின் கேமராவும் 47 மில்லிமீட்டர் துளையும்

நாகர்கோவிலில் திருமணப் படம் எடுக்கும் என் தங்கை மகன் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறான்: "மாமா, இனிமேல் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் பணத்தை ஆற்றில் போட்ட மாதிரிதானே?" கடையில் அவனிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் மிரர்லெஸ்ஸில் 300 மிமீ எஃப்/4 லென்ஸை மாட்டினால் 600 மிமீ எஃப்/4 கையில் வந்துவிடுமாம். கூந்தன்குளத்துக்கு என்னோடு பறவை பார்க்க வருகிறவன் ஆயிற்றே, அந்தப் பேச்சு அவனைப் பிடித்துக்கொண்டது.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கேமராவுக்குள், ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி உண்டா (டிஎஸ்எல்ஆர்) இல்லையா (மிரர்லெஸ்) என்பது ஒன்று. ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் எவ்வளவு பெரியது என்பது மற்றொன்று. படத்தின் முகத்தை மாற்றுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மிமீ. நிக்கானின் ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. 300 மிமீ லென்ஸை எதில் மாட்டினாலும் அது 300 மிமீதான். சிறிய சென்சார் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பார்வைக்கோணம் ஃபுல் ஃபிரேமில் 600 மிமீ தருகிற அளவுக்குக் குறுகுகிறது. இதுவரை கடைக்காரர் சொன்னது சரி. எஃப் எண்ணை அப்படியே விட்டுவிட்டதில்தான் கணக்கு உதைக்கிறது.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தை (300 மிமீ என்று சொல்வது அதைத்தான்) லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 300ஐ 4ஆல் வகுத்தால் துளை 75 மிமீ. உண்மையான 600 மிமீ எஃப்/4 லென்ஸுக்குத் துளை 150 மிமீ. நிக்கானின் 600 எஃப்/4இ 3810 கிராம் எடை இருப்பதும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸின் 300 எஃப்/4 முக்காலி வளையம் இல்லாமல் 1270 கிராமில் முடிந்துவிடுவதும் இதனால்தான். 600 மிமீயில் 75 மிமீ துளை என்றால் எஃப்/8. ஆக, அந்த ஒலிம்பஸ் லென்ஸ் தருவது ஃபுல் ஃபிரேமில் 600 மிமீ எஃப்/8 எடுக்கும் படம். பின்னணி அந்த அளவுக்கே மங்கும். கூட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவேலங்கிளைகள் கரைந்து போகாமல் முள் முள்ளாகத் தெரியும்.

"எக்ஸ்போஷர் எஃப்/4க்கு உரியதைத்தானே காட்டுகிறது?" என்று அவன் மடக்கினான். காட்டும். ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் ஒளி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய கால் பங்கு என்பதால் படம் முழுவதற்கும் சேரும் ஒளியும் கால் பங்குதான். ஒரே தலைமுறைச் சென்சார்கள் என்றால், அதில் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 800இல் தெரியும் இரைச்சலும் (படத்தில் பொரிப் பொரியாக விழும் மாசு) ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 3200 காட்டும் இரைச்சலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. மஞ்சள் மூக்கு நாரை எட்டாத தூரத்தில் நிற்கும்போது, ஃபுல் ஃபிரேம்காரர் கையில் இருப்பதும் அதே 300 எஃப்/4 என்றால், அவரும் படத்தின் நடுவை வெட்டித்தான் எடுக்க வேண்டும். 45 மெகாபிக்சல் படத்தில் கால் பங்கை வெட்டினால் மிஞ்சுவது 11 மெகாபிக்சல். அந்த இடத்தில் 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் நிமிர்ந்து நிற்கும். நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடக்கும் முதியவர்களுக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். எஃப்/8 என்று தெரிந்து வாங்குகிறவருக்கு அது அருமையான லென்ஸ்.

இனி கண்ணாடி. அது போனதால் எல்லாம் இலேசாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் எடையைப் பார்க்கட்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி750 பேட்டரியோடு 840 கிராம்; அதே ரகத்து மிரர்லெஸ்ஸான இசட்6 675 கிராம். குறைந்திருப்பது 165 கிராம்தான். லென்ஸில் கதை இன்னும் தெளிவாகிறது. கேனானின் பழைய இஎஃப் 85 எஃப்/1.2 இரண்டாம் பதிப்பு 1025 கிராம். மிரர்லெஸ்ஸுக்கு வந்த ஆர்எஃப் 85 எஃப்/1.2 1195 கிராம், கூடியிருக்கிறது. இளைத்தது அகலக்கோண லென்ஸ்தான். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி ஆடுவதற்கு இடம் விட வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆரின் எஃப் மவுன்ட்டிலிருந்து (லென்ஸை மாட்டும் வளையம்) சென்சாருக்கு 46.5 மிமீ. மிரர்லெஸ்ஸின் இசட் மவுன்ட்டில் அது 16 மிமீ. லென்ஸின் பின்புறக் கண்ணாடிச் சில்லுகள் சென்சாரை நெருங்கி நிற்க முடிவதால், ஒரு கிலோ இருந்த 14-24 எஃப்/2.8 லென்ஸ் 650 கிராமுக்கு இறங்கியது. கோபுரமும் பிரகாரமும் எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

மிரர்லெஸ் உண்மையாகவே ஜெயிக்கும் இடம் ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸைக் கணிப்பது வேறொரு சிறு சென்சார். அதற்கும் படச் சென்சாருக்கும் இம்மி பிசகினால் கண்ணுக்குப் பதில் காதோரம் கூர்மையாகிவிடும். அதுவும் டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகள் நடுவிலேயே குவிந்திருக்கும். மிரர்லெஸ்ஸில் படச் சென்சாரே கணிப்பதால், சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மணப்பெண்ணின் கண்ணையும் பிடித்துக்கொள்கிறது. ஓசையில்லாத ஷட்டரும் உண்டு. ஆனால் மண்டபத்து எல்இடி விளக்கில் அதை நம்ப முடியாது. சென்சாரை வரி வரியாகப் படிக்கும்போது விளக்கின் துடிப்பு முகத்தில் பட்டைகளாக விழும். கெட்டிமேளம் கொட்டும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

பேட்டரி என்றால் பொதுவான சோதனை முறைப்படி ஒரு சார்ஜுக்கு டி750க்கு 1230 படங்கள், இசட்6க்கு 310. நடைமுறையில் இசட்6 அதைவிட நன்றாகவே தாங்கும். என்றாலும் முகூர்த்தத்துக்கு மாற்றுப் பேட்டரி இல்லாமல் போகக் கூடாது.

அவன் பார்த்து வைத்திருந்தது ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸும் அதோடு வரும் கிட் லென்ஸும். என் அலமாரியில் நிக்கானின் பழைய லென்ஸான நிக்கார் ஏஎஃப்-டி 85 எஃப்/1.8 இருக்கிறது, துளை 47 மிமீ. இதன் படத்தை ஏபிஎஸ்-சியில் எடுக்க 57 மிமீ எஃப்/1.2 லென்ஸ் தேட வேண்டும். அவன் வைத்திருக்கும் பணத்துக்கு அது கட்டாது. அலமாரி லென்ஸையே மாட்டலாம் என்றால், ஏஎஃப்-டி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை; பழைய லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. அதைக் கையால்தான் திருக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அது ஆகாது. டி750 பாடிக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது.

2020க்குப் பிறகு நிக்கானோ கேனானோ புதிய டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை என்பதை அவனிடம் மறைக்கவில்லை. அதனால்தான் பழைய பாடிகளின் விலையும் இறங்கிக் கிடக்கிறது. நல்ல நிலையில் ஒரு பழைய டி750 வாங்கிக்கொள், 85ஐ நான் தருகிறேன், மிச்சப் பணத்தில் ஒரு ஃபிளாஷும் கூடுதல் பேட்டரியும் எடு என்றேன். பாடி கைக்கு வந்ததும் இங்கே கொண்டு வருவான். 85ஐ மாட்டி எஃப்/1.8இல் ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறதா என்று பார்த்து, கேமராவில் அதற்கென்றே உள்ள ஏஎஃப் ஃபைன் டியூன் வசதியில் சரிசெய்து அனுப்ப வேண்டும். தை முகூர்த்தங்களுக்கு முன்னால் அது முடிந்தாக வேண்டும்.