முதல் இடத்துக்குக் கொடுத்த விலை

2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸ் அணி, சிகாகோ பேர்ஸ் அணியிடமிருந்து என்எஃப்எல் டிராஃப்டின் முதல் இடத்தை வாங்கியது. என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்; டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. அதற்குக் கொடுத்தவை அந்த ஆண்டின் 9ஆம் இடம், 61ஆம் இடம், 2024இன் முதல் சுற்று வாய்ப்பு, 2025இன் இரண்டாம் சுற்று வாய்ப்பு, கூடவே டி.ஜே. மூர் என்ற கைதேர்ந்த ரிசீவர், அதாவது வீசும் பந்தைப் பிடிப்பவர். அந்த முதல் இடத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், பிரைஸ் யங்கை எடுத்தார்கள். அந்தப் பருவத்தின் 17 ஆட்டங்களில் அணி வென்றது இரண்டே இரண்டு. பருவம் முடியும் முன்பே "ஏமாந்துவிட்டார்கள்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆட்டக்காரர்களை மதிப்பிடுவதே வேலையாக இருப்பவர்கள் அப்படி ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இதில் பார்க்க வேண்டிய கணக்குகள் பல. அவற்றை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எந்தக் கணக்கும் நேராகாது.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போலப் பணத்தால் நடப்பதல்ல. 32 அணிகள், ஏழு சுற்றுகள், முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. வரிசையில் உள்ள இடம்தான் அங்கே நாணயம். அந்த நாணயத்துக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் உருவாகி, பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் வழங்கும் அட்டவணை அது. முதல் இடம் 3000 புள்ளி, இரண்டாம் இடம் 2600, 9ஆம் இடம் 1350, முதல் சுற்றின் கடைசியான 32ஆம் இடம் 590, 61ஆம் இடம் 292. இன்று அணிகள் தங்களுக்கென்று வேறு அட்டவணைகள் வைத்திருக்கின்றன. ஆனாலும் பேரத்தின் முதல் தாளில் இந்த எண்கள் இன்னும் வந்துவிடும்.

கரோலினாவின் கணக்கை இதில் போட்டுப் பார்க்கலாம். 1350உம் 292உம் சேர்ந்து 1642. முதல் இடத்துக்கு இன்னும் 1358 வேண்டும். அடுத்த ஆண்டின் இடத்தை ஒரு சுற்று இறக்கி மதிப்பிடுவது பழைய வழக்கம். அதன்படி 2024இன் முதல் சுற்று, 2023இன் இரண்டாம் சுற்று நடுப்பகுதிக்குச் சமம், சுமார் 420. இரண்டு ஆண்டு தள்ளியுள்ள இரண்டாம் சுற்றுக்கு அறுபதோ எழுபதோ. மிச்சம் ஏறக்குறைய 870ஐ மூர் நிரப்ப வேண்டும். அது முதல் சுற்றின் 19, 20ஆம் இடத்தின் விலை. நல்ல ரிசீவருக்கு அது தகாத விலையல்ல. ஆக, கைகுலுக்கிய அன்று கரோலினா சந்தை விலைக்குத்தான் வாங்கியது.

பிசகு அந்த 420இல் இருந்தது. தோற்றுத் தோற்று கரோலினா கடைசி இடத்துக்குப் போனதால், 2024இல் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் இடமே. 420 என்று எழுதிய பொருள் 3000 ஆகிவிட்டது. சிகாகோ அதில் காலேப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. குவாட்டர்பேக் பேரங்களில் வருங்கால முதல் சுற்றைக் கொடுப்பவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் இதுதான். அந்த இடத்தின் விலை அன்று நிலையாக நின்றுவிடுவதில்லை. வாங்கிய இளைஞன் நன்றாக ஆடினால் கொடுத்ததன் மதிப்பு இறங்கும், தடுமாறினால் ஏறும். அதாவது தோற்கும்போது இரண்டு முறை தோற்கிறோம்.

2012இல் வாஷிங்டன் செய்த பேரத்தில் இது கண்ணாடி போலத் தெரியும். ராபர்ட் கிரிஃபினுக்காக 6ஆம் இடத்தையும் 39ஆம் இடத்தையும், 2013, 2014 முதல் சுற்றுகளையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்து இரண்டாம் இடத்துக்கு ஏறினார்கள். முதல் பருவத்தில் கிரிஃபின் பிரமாதமாக ஆடினார். அணி 10 ஆட்டங்கள் வென்றது, அதனால் 2013இல் கைமாறியது வெறும் 22ஆம் இடம், 780 புள்ளி. 2013 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. அடுத்த பருவத்தில் மூன்றே வெற்றி. 2014இல் கைமாறியது இரண்டாம் இடம், 2600 புள்ளி. ஒரே பேரம், ஒரே ஆட்டக்காரர், ஓராண்டு இடைவெளியில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இறுதியில் கூட்டினால், 2600 மதிப்புள்ள இடத்துக்கு 5490 கொடுத்திருக்கிறார்கள்.

மறுபக்கம் 2017இல் கான்சாஸ் சிட்டி. பாட்ரிக் மஹோம்ஸுக்காக 27ஆம் இடம், 91ஆம் இடம், 2018 முதல் சுற்று மூன்றையும் பஃபலோவுக்குக் கொடுத்து 10ஆம் இடத்துக்கு வந்தார்கள். ஆனால் அணியில் அலெக்ஸ் ஸ்மித் என்ற பழகிய குவாட்டர்பேக் இருந்தார். முந்தைய பருவத்தில் 12 வெற்றி. மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கடைசி ஆட்டத்தில் மட்டும் களமிறங்கினார். ஸ்மித் அணியைத் தாங்கிப் பிடித்ததால் கொடுத்த 2018 இடம் 22ஆம் இடமாக முடிந்தது. மஹோம்ஸின் திறமையைப் பேசுகிறவர்கள் இந்தக் காவல் ஏற்பாட்டைப் பேசுவதில்லை. ஏற்கெனவே வெல்லும் அணிக்கு இப்படிப்பட்ட பேரம் மலிவு. அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்குத்தான் ஆபத்து. குவாட்டர்பேக் அவசரமாகத் தேவைப்படுவதோ பெரும்பாலும் அடிமட்ட அணிக்கு.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது சம்பளம். 2010இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. 2011இல் புதியவர்களுக்குச் சம்பள வரம்பு வந்தது. அவ்வாண்டு முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். யங்கின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 கோடி, சராசரி ஆண்டுக்கு 95 லட்சம். அதே 2023 செப்டம்பரில் ஜோ பர்ரோவுக்கு ஆண்டுக்கு 5.5 கோடி. அந்தப் பருவத்தில் ஓர் அணி மொத்தச் சம்பளமாகச் செலவிடக்கூடியது 22.48 கோடி. நல்ல குவாட்டர்பேக் மலிவு ஒப்பந்தத்தில் கிடைத்தால், வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. முதல் சுற்றின் விலையே இந்த மிச்சத்துக்குத்தான். அதை அவரைக் காக்கும் லைனிலும், அவர் வீசுவதைப் பிடிக்கும் கைகளிலும் போட வேண்டும். கரோலினா மூரையே கொடுத்துவிட்டது. மாட்டை விற்று ஏர் வாங்கினால் உழவு எப்படி நடக்கும்? மூர் அந்த ஆண்டு சிகாகோவில் 1364 யார்டு எடுத்தார், அதுவரையிலான அவருடைய வாழ்வில் மிக அதிகம். யங்கின் முதல் பருவத்தை எடைபோடும்போது இதைத் தட்டில் வைக்காமல் விட்டால் அவருக்கு அநியாயம்.

ஆட்டக்காரரை அளக்க, கணக்கில் முதலில் எடுப்பது திருத்தப்பட்ட நிகர யார்டு. வீசிய யார்டோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) 20 கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் (வீசியதை எதிரணி பிடித்துவிடுவது) 45 கழித்து, சாக்கில், அதாவது பந்து கையில் இருக்கும்போதே வீழ்த்தப்பட்டு, இழந்த யார்டையும் கழிக்க வேண்டும். வீச்சுகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணால் அதை வகுக்க வேண்டும். யங் 2023இல் 527 வீச்சில் 2877 யார்டு, 11 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன், 62 சாக்கில் 477 யார்டு இழப்பு. வகுத்தால் 3.7. அதே டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுடுக்கு 7.5. ஆறுக்குப் பக்கம் இருந்தால் நடுத்தரம் என்று கொள்ளலாம்.

அந்த 62 சாக்குக்கு யார் பொறுப்பு? லைன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, குவாட்டர்பேக் மட்டும் என்று பழி போடவும் முடியாது. எத்தனை முறை நெருக்கடி வந்தது என்பது பெரும்பாலும் லைனின் கணக்கு. வந்த நெருக்கடியில் எத்தனை சாக்காக மாறியது என்பது பெரும்பாலும் குவாட்டர்பேக்கின் கணக்கு. அணி மாறினாலும் இந்த இரண்டாவது விகிதம் அவர் கூடவே வருகிறது. கல்லூரியிலிருந்து தொழில்முறைக்கும் வருகிறது. அதனால் டிராஃப்டுக்கு முன்பே கவனமாகப் பார்க்க வேண்டிய எண் அது.

மீதியை வீடியோவில்தான் பார்க்க வேண்டும், 22 பேரும் தெரியும் கோணத்தில். தொலைக்காட்சிக் கோணம் பந்தை மட்டும் துரத்தும். முதல் ரிசீவர் மூடப்பட்டால் கண்ணோடு காலும் அடுத்தவரை நோக்கித் திரும்புகிறதா? ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போகிறதா, திரும்பியதைக் கண்ட பிறகு போகிறதா? இந்த இரண்டும் மேலேறாத வரை புள்ளிவிவரம் ஏறினாலும் நாங்கள் நம்புவதில்லை. கல்லூரிக் களத்தில், பந்தை வைக்கும் இடத்துக்கு இருபக்க எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடி. கல்லூரியில் ஒரு பக்கம் பரந்து கிடக்கும், தடுப்பவர்கள் அங்கே சிதறுவார்கள். என்எஃப்எல்லில் அந்த வெளி சுருங்கிவிடும். கல்லூரியில் எளிதாகக் கிடைத்த பரந்த பக்கத்து வீச்சு இங்கே பிடிபடாமல் போவது பலருக்கும் நடக்கிறது.

மாதிரி அளவும் முக்கியம். ட்ரே லான்ஸுக்காக 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ 12ஆம் இடத்தோடு இரண்டு வருங்கால முதல் சுற்றும் ஒரு மூன்றாம் சுற்றும் கொடுத்தது. அவர் கல்லூரியில் முழுதாக ஆடியது ஒரே பருவம், 287 வீச்சு. 28 டச்டவுன், ஓர் இன்டர்செப்ஷனும் இல்லை. அழகான எண்கள்தான், ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அந்த அணிக்காக நான்கு ஆட்டங்களைத் தொடங்கினார், கணுக்கால் முறிந்தது, 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுக்கு விற்கப்பட்டார். 2022 டிராஃப்டின் கடைசி ஆளான, 262ஆம் இடத்து பிராக் பர்டி அணியை என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனதால் அந்தக் கடன் தீர்ந்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். தீரவில்லை. பர்டி தனிக் கணக்கு.

இன்னொரு தவறான வழி, கொடுத்த இடங்களில் எதிரணி யாரை எடுத்தது என்று பெயர்களை அடுக்குவது. 2014 டிசம்பரில் வாஷிங்டனில் ஆடப் போன ராம்ஸ், கிரிஃபின் பேரத்தில் கிடைத்தவர்களில் ஆறு பேரை நாணயம் சுண்ட கேப்டன்களாக அனுப்பி, 24-0 என்று வென்றது. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த 2014 இரண்டாம் இடத்தில் ராம்ஸ் எடுத்த கிரெக் ராபின்சன் எதிர்பார்த்தபடி வரவில்லை. அதற்காக வாஷிங்டன் கொடுத்த விலை குறைந்துவிட்டதா? இல்லை. விலை என்பது இடத்தின் மதிப்பு. அதில் யாரை எடுத்தார்கள் என்பது வாங்கியவரின் கெட்டிக்காரத்தனம் அல்லது பிழை.

பொருளியலாளர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தபோது கிடைத்த ஓர் எண்ணைப் பேரம் பேசும் அறையில் எழுதி ஒட்டலாம். ஒரே நிலையில் முந்தி எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம். யங்கா ஸ்ட்ரவுடா என்ற கேள்வியில் தவறியதை விட, அந்தக் கேள்விக்கு விடை தெரியும் என்று இவ்வளவு கொடுத்ததுதான் பெரிய தவறு என்பேன்.

எப்போது தீர்ப்பு எழுதலாம்? முதல் ஐந்நூறு வீச்சுக்குள் கூடாது. யங் இரண்டாம் பருவத்தில் இரண்டு ஆட்டத்தோடு உட்காரவைக்கப்பட்டு, அக்டோபர் கடைசியில் திரும்பி, முன்னைவிடத் தெளிவாக ஆடினார். இப்படி முதல் சுற்றில் எடுத்தவருக்கு, மூன்றாம் பருவம் முடிந்த மே மாதத் தொடக்கத்தில் ஐந்தாம் ஆண்டை நீட்டிப்பதா என்று அணி முடிவு செய்தாக வேண்டும். நீட்டித்தால் அந்தச் சம்பளம் முழுவதும் உறுதி. கொடுத்த விலையை நினைத்து நீட்டிப்பதும், அதே விலையை நினைத்துக் கோபத்தில் கைகழுவுவதும் இரண்டுமே பிழை. அந்த நாளில் பார்க்க வேண்டியது முன்னால் உள்ள ஆட்டத்தை மட்டும்.

ஆட்டக்காரர் மீதான தீர்ப்பும் பேரத்தின் மீதான தீர்ப்பும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. 2018இல் நியூயார்க் ஜெட்ஸ், சாம் டார்னால்டுக்காக 6ஆம் இடத்தோடு மூன்று இரண்டாம் சுற்றுகளை இண்டியானாபோலிஸுக்குக் கொடுத்து மூன்று இடம் ஏறியது. மூன்று பருவம் கழித்து அவரை கரோலினாவுக்கு விற்றது. கிடைத்தது ஓர் ஆறாம் சுற்று, ஓர் இரண்டாம் சுற்று, ஒரு நான்காம் சுற்று. 2024இல் அதே டார்னால்ட் மின்னசோட்டாவில் 35 டச்டவுன் வீசி அணிக்கு 14 வெற்றி தேடித் தந்தார். ஜெட்ஸின் ஏட்டில் அந்த 14இல் ஒன்றுகூட ஏறாது.