ஐரோப்பியப் பணியாளர் மன்றம் அமைக்க எங்களுக்கு ஆன பதினான்கு மாதங்கள்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஆலையின் ஒரு பிரிவு வேறு நாட்டுக்கு மாற்றப்படவிருக்கும் செய்தியை நாங்கள் நாளிதழில்தான் படித்தோம். ஆலையின் பணியாளர் மன்றத்தில், அதாவது பணியாளர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குழுவில், உறுப்பினராக இருந்தும், விளக்கம் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. முடிவு ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு உறுப்பு நாட்டிலிருந்த தலைமையகத்தில் எடுக்கப்பட்டிருந்தது. உள்ளூர் நிர்வாகத்துக்கே அன்றுதான் தெரியுமாம்.

இத்தகைய நிலைமைக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் ஒரு சட்ட நெறிமுறையை இயற்றி, 2009இல் அதைத் திருத்தியது. பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்தின் பணியாளர் பிரதிநிதிகளுக்குத் தலைமை நிர்வாகம் தகவல் தந்து கருத்துக் கேட்பதற்கான அமைப்பே அது வகுத்த ஐரோப்பியப் பணியாளர் மன்றம். உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பேரும், குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் பணிபுரியும் நிறுவனத்தில், இரு நாடுகளைச் சேர்ந்த 100 பணியாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ எழுத்துவழியாகக் கோரினால், அத்தகைய மன்றத்தை அமைப்பதற்கான பேச்சுவார்த்தையைத் தலைமை நிர்வாகம் தொடங்கியாக வேண்டும். தொழிற்சங்கத்தின் உதவியோடு பெல்ஜியத்து ஆலையின் பிரதிநிதிகளைத் தேடிப் பிடித்து, இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கோரிக்கையை அனுப்பினோம்.

நாடுவாரியான பணியாளர் எண்ணிக்கையைப் பெறுவதற்குத்தான் பெரும்பாடு பட்டோம். பணியாளர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் சிறப்புப் பேச்சுவார்த்தைக் குழுவில் ஒவ்வொரு நாட்டுக்கும், எல்லா உறுப்பு நாடுகளின் பணியாளர் மொத்தத்தில் அங்குள்ளவர்களின் பங்கில் ஒவ்வொரு 10 விழுக்காட்டுக்கும் அதன் பகுதிக்கும் ஓர் இடம் என்பதால், அந்தக் கணக்கு இல்லாமல் குழுவே அமையாது. அதைத் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 2009ஆம் ஆண்டு நெறிமுறையின் நான்காம் பிரிவு கூறுவதைச் சுட்டி மூன்று கடிதங்கள் எழுதினோம். ஆறு மாதத்துக்குள் பேச்சைத் தொடங்க மறுத்தால் ஒப்பந்தம் இல்லாதபோது மன்றம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் சட்டத்தின் மாற்று விதிகளே நேரடியாகப் பொருந்தும் என்று மூன்றாவது கடிதத்தில் குறிப்பிட்ட பிறகே எண்ணிக்கை வந்தது. இதே முயற்சியில் இறங்குவோர் கோரிக்கையை அனுப்பிய தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த ஆறு மாதம் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

பேச்சுவார்த்தை தொடங்கியபின், மொழிபெயர்ப்பாளர்கள், பயணம், ஒரு நிபுணர் ஆகிய செலவுகளை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதில் சச்சரவு எழவில்லை. ஒரே ஒரு சொற்றொடருக்காக நான்கு அமர்வுகள் கழிந்தன. "முடிவுக்குப் பின் உடனடியாகத் தெரிவித்தல்" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தகவல் தருவதன் நோக்கமே விளைவுகளை ஆழ்ந்து மதிப்பிட எங்களுக்கு அவகாசம் அளிப்பது என்றும், எடுத்து முடித்த முடிவைப் பற்றிக் கருத்துக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது என்றும் நாங்கள் விடாமல் வாதிட்டோம். முடிவுக்கு முன்பே, மதிப்பிடப் போதிய அவகாசத்தோடு தெரிவிக்க வேண்டும் என்ற எங்கள் வாசகமே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு ஓர் ஆலையை மூடும் திட்டத்துக்காகப் புதிய மன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டபோது, ஆவணங்கள் இரண்டு நாள் முன்னதாகத்தான் கைக்கு வந்தன. அந்த வாசகத்தைக் காட்டிக் கருத்துச் சொல்ல மறுத்தோம்; மூன்று வார அவகாசம் கிடைத்தது. நிபுணரோடு உட்கார்ந்து ஆராய்ந்து, எழுத்துவழியாகக் கருத்தை அளித்தோம். ஆலையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மூடும் தேதி தள்ளிப்போனது. அங்கிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இடைவெளியில் நிறுவனத்தின் மற்ற ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.