கப்பலில் பிள்ளைகளைத் தனியே நடக்க விட்டோம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்யும் தோழிகள் இரண்டு பேர் பள்ளி விடுமுறைக்குக் கப்பல் பயணம் பதிந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளைகளைத் தனியா விட்டியாமே, பயமா இல்லையா?" பயம் இருந்தது. இருந்தும் விட்டோம், அடுத்த முறையும் விடுவோம். எப்படி விட்டோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடும் இதே தீவில், குளுகோரில். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு என் கார், கோயிலுக்கு அப்பாவின் கார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு சாலையைக்கூட இவர்கள் தாமாகக் கடந்ததில்லை. என் மாமனாரின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 14. துணைக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர், கையில் ஒரு தகரப்பெட்டி. அந்தக் கஷ்டம் என் பிள்ளைகளுக்கு வர வேண்டாம். ஆனால் அவருடைய கொள்ளுப்பேத்தி வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் ஒரு ரொட்டி வாங்கிவரத் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

நாங்கள் போனது சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் பூக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல். "நாலு பக்கமும் கடல், பிள்ளை எங்கே போயிடப்போகுது" என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. பெரிய கப்பலில் பயணிகள் மட்டுமே சில ஆயிரம் பேர். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். அதனால் நாங்கள் போட்ட முதல் விதி: யார் கூப்பிட்டாலும் அடுத்தவர் அறைக்குள் போகக் கூடாது. விளையாட்டில் சேர்ந்த தோழியின் அறையானாலும் சரி, அன்பாகப் பேசும் பணியாளர் கூப்பிட்டாலும் சரி. பேசுவது, சிரிப்பது, விளையாடுவது எல்லாம் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில்தான். இரண்டாவது, கம்பித் தடுப்பின் மேல் ஏறவோ உட்காரவோ கூடாது. மூன்றாவது, பெரியவர்கள் இல்லாமல் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. எல்லாக் கப்பலிலும் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மூன்றில் மட்டும் பேரமே கிடையாது.

அவசரகாலப் பயிற்சிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருவருக்கும் நேரே விளையாட்டுத் தளத்துக்கு ஓட ஆசை. 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட கையோடோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதி வந்தது அதற்குப் பிறகுதான். மகளிடம் இதை அப்படியே சொன்னேன். 12 வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்தால் போதும், முணுமுணுப்பு நின்றுவிடும். ஏழு சின்ன ஒலி, ஒரு நீண்ட ஒலி என்று அபாயச் சங்கு கேட்டால் என்ன செய்வது என்று மகன் எனக்கே ஒப்பித்தான்: அம்மா அப்பாவைத் தேடி ஓடக் கூடாது, நேரே கூடுமிடத்துக்குப் போக வேண்டும். சிறுவர் கிளப்பில் இருந்தால் அங்குள்ள பணியாளர்களே அவனைக் கூட்டிவருவார்கள். இதைப் பேசி முடிக்காமல் நான் அவர்களைத் தனியே விட்டிருக்க மாட்டேன்.

பிறகு கப்பலைச் சுற்றி நடந்தோம். வழிகாட்டியது அவர்கள், நாங்கள் பின்னால் போனோம். அறை எண்ணின் தொடக்கமே எந்தத் தளம் என்று சொல்லிவிடும். முன்பக்க லிஃப்டா, பின்பக்க லிஃப்டா என்பதில்தான் குழப்பம் வரும். எங்கள் அறை பின்பக்கம். மகன் தானாகவே ஓர் அடையாளம் பிடித்து வைத்துக்கொண்டான்: லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு பச்சை ஓவியம் இருந்தால் சரியான இடம்.

கைப்பேசியை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். கரையை விட்டு விலகினால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில்தான் அழைப்பு போகும், கட்டணம் தாங்காது. இன்னொரு சிக்கல், நேரம். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பலோ கடைசிவரை சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. பூக்கெட் பக்கம் வந்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் 6 மணி ஆகியிருக்கும்போது அது 5 என்று காட்டும். அதை நம்பிய பிள்ளை ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். ஆளுக்கொரு சாதாரணக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டோம். அறையில் கண்ணாடியின் மேல் ஒட்டுச் சீட்டு: எங்கே போகிறேன், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன்.

இந்தச் சீட்டில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. நாங்களும் எழுதி ஒட்டினோம். "ஐந்தாம் தளம், தேநீர் குடிக்கும் இடம், 6 மணி வரை" என்று எழுதினால் 6 மணி வரை அங்கேதான் இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் ஏதோ தள்ளுபடி என்று என் கணவர் எழுந்தபோது நான் விடவில்லை. பிள்ளை தேடி வந்து நாம் அங்கே இல்லையென்றால், மறுநாள் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு? பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுப்பதில் பாதி வேலை நாம் இருந்த இடத்தில் இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பின்னாலேயே போய் ஒளிந்து பார்ப்பதும் கூடாது. என் மாமியார் ஒருமுறை புறப்பட்டுவிட்டார். "அத்தை, அவ பார்த்துட்டான்னா நாம அவளை நம்பலன்னு நினைச்சுக்குவா" என்று கெஞ்சி உட்கார வைத்தேன்.

மகள் 6 மணிக்கு வர வேண்டியவள், 6.10-க்கு வந்தாள். அந்தப் பத்து நிமிடமும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. நிகழ்ச்சி முடிந்த கூட்டத்தில் லிஃப்ட் கிடைக்கவில்லையாம், எட்டு மாடி படியேறி மூச்சு வாங்க நின்றாள். நான் திட்டவில்லை. "லிஃப்டுக்கும் சேர்த்து நேரம் வெச்சுக்கணும்மா" என்று அவளே சொன்னாள்.

மகனுக்குக் கிடைத்தது குறைவு. அந்தக் கப்பலில் 10 வயதுக்குக் கீழே இருந்தால் கிளப்பிலிருந்து தானாக வெளியே வர முடியாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவனுக்கு நான் விட்டுக்கொடுத்தது சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு தானே போவான், வேண்டியதைத் தானே கேட்பான். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வெளியிடங்களில் அதைக் கேட்பது எப்போதும் என் வேலை. முதல் நாள் காலை பசியாறும்போது, வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரிடம் என் மகன் நிமிர்ந்து நின்று, இதில் மாட்டிறைச்சி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவர் குனிந்து ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டி விளக்கினார். நான் நாலு மேசை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

துறைமுகத்தில் இறங்கினால் விதி வேறு. கரையில் யாரும் தனியே இல்லை. ஆனால் பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் பியரில் நின்றபோது மகளை முன்னால் நடக்கச் சொன்னோம். சொந்த ஊர், ஆனால் அவள் அந்தப் பகுதியில் காலால் நடந்ததே கிடையாது. மணிக்கூண்டைத் தாண்டி, லெபோ பந்தாய் வழியாக லெபோ பாசார், அங்கிருந்து குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று பெயர்ப்பலகையைப் படித்தாள். ஓரிடத்தில் தவறாகத் திரும்பப் போனாள். என் கணவர் வாயைத் திறக்குமுன் அவளே பூக்கடை அண்ணன் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டாள். 1833-ல் எழும்பிய கோயில் அது. "இவ்வளவு பக்கமாம்மா? கார்ல வந்தா அரை மணி நேரம் இடம் தேடுவோமே" என்றாள்.

இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு அவள் பஸ்ஸில் போய்வருகிறாள். சீட்டு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறோம். மாமியார் இன்னும் சம்மதிக்கவில்லை, வாரா வாரம் வாக்குவாதம் நடக்கிறது.

தோழிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். பிள்ளைகளின் அறை அட்டையில் செலவு செய்ய முடியாதபடி வரவேற்பு மேசையில் சொல்லி நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் விளையாட்டு இயந்திரங்கள் விழுங்கிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பால்கனி அறை வேண்டாம். சன்னல் மட்டும் உள்ள அறையை எடுத்துக்கொண்டு இரவில் நிம்மதியாகத் தூங்குங்கள்.