பலாவைத் தொடாதே

இன்னிக்கும் லினக்ஸ் சர்வரின் ஆடிட் லாகில் அதே வரி: ஏவிசி, டினைட். அனுமதி இல்லையாம்.

சர்வரைக் கண்காணிக்கும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஒரு லாக் ஃபைலைப் படிக்கப் போகிறது, லினக்ஸின் காவல்காரனான எஸ்இலினக்ஸ் மறிக்கிறது. ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடினாலும், பாலிசி என்ற அதன் விதிப்பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான்.

மொத்தக் காவலையும் தளர்த்திவிடும் செட்என்ஃபோர்ஸ் ஜீரோ கட்டளையை அடிக்கக் கை துறுதுறுத்தது. (அடிக்காதவர் யார்!)

சரி என்று அந்த டீமன் ஓடும் டொமைனை மட்டும் பெர்மிஸ்ஸிவ் ஆக்கி (மறிக்காது, பதிவு மட்டும் செய்யும்), மறிப்புப் பதிவுகளைச் சேர்த்து, அவற்றிலிருந்து அனுமதி விதி எழுதித் தரும் ஆடிட்டுஅலோவிடம் கொடுத்தேன். ஒரு ஃபைலுக்காக, அதே லேபிள் (எஸ்இலினக்ஸ் பார்க்கும் வகைச் சீட்டு) ஒட்டிய அத்தனை ஃபைலையும் திறந்துவிடும் விதியை நீட்டியது!

அந்த லாகுக்குத் தனி லேபிள் போட உட்கார்ந்தேன்.

நாகர்கோவில் சாரல் விட்டிருந்தது. முற்றத்தில் தேங்காய் பறிக்க வந்தவனிடம் அம்மா:

"தென்னையில மட்டும் ஏறு மக்களே. பலாவத் தொடப்பிடாது, கேட்டியா?"