காசில் இருந்த ஏழாம் கிறிஸ்டியன்

சில வருடங்களுக்கு முன்பு தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு பையனிடம் செப்புக் காசு ஒன்று வாங்கினேன். "டேனிஷ் காசு சார், அலையில கிடைச்சது" என்றான். 100 ரூபாயில் ஆரம்பித்து 70க்கு இறங்கினான். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே 'சி' என்ற எழுத்து, அந்த வளைவுக்குள் 7. மறுபக்கம் தேய்ந்துபோன எழுத்தில் 'காஸ்'. நம் காசுதான் டேனிஷ்காரர் வாயில் புகுந்து காஸாகித் திரும்பி வந்திருந்தது. போலியாகவே இருந்தாலும் 70 ரூபாய்க்கு நட்டமில்லை என்று பர்ஸின் ஜிப் அறையில் போட்டுவைத்தேன்.

அந்தக் காசுடன்தான் போன கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு டென்மார்க் போனேன்.

கோபன்ஹேகனில் இரண்டாம் நாளே தலை சுற்றிவிட்டது. எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று யார் கட்டியது என்று பார்த்தாலும் பதில் இரண்டே பெயர்தான். கிறிஸ்டியன், இல்லாவிட்டால் ஃபிரெடெரிக். நாடாளுமன்றம் இருக்கும் அரண்மனையின் பெயர் கிறிஸ்டியன்ஸ்போர். ஊருக்கு வெளியே ஏரி நடுவில் இருப்பது ஃபிரெடெரிக்ஸ்போர். அந்தப் பெயர் இரண்டாம் ஃபிரெடெரிக்கால் வந்தது. இப்போது நிற்கும் கோட்டையைக் கட்டியதோ அவர் மகன் நான்காம் கிறிஸ்டியன். 1513 முதல் 1972 வரை, 459 வருடம், அந்தச் சிங்காசனத்தில் வேறு பெயரே உட்காரவில்லை. இரண்டாம் கிறிஸ்டியனில் தொடங்கி ஒன்பதாம் ஃபிரெடெரிக்கில் முடியும் வரிசையில் ஒன்பது கிறிஸ்டியன், ஒன்பது ஃபிரெடெரிக், ஒன்று விட்டு ஒன்று.

"எங்க கிளாஸ்ல ரெண்டு ஹரிணி இருக்காங்கப்பா. ஹரிணி எஸ், ஹரிணி ஆர். அந்த மாதிரி" என்றாள் மகள்.

அதேதான். இவர்களுக்கு எண்தான் இனிஷியல். நான்காம் கிறிஸ்டியனின் முத்திரை 'சி' எழுத்துக்குள் 4. அதைப் பார்க்கப் பழகிவிட்டால், சுவரில் இருக்கும் எழுத்தை வைத்தே கட்டடத்தின் காலத்தைச் சொல்லிவிடலாம். மகள் ஒரு நாளில் தேறிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

தாத்தா பெயரை வைப்பதால்தான் நம்மிடம் 'பேரன்' என்ற சொல்லே வந்தது என்பார்கள். சோழர்களும் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றித்தான் சூடிக்கொண்டார்கள். அதனால் இந்த முறை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் இத்தனை நூற்றாண்டு சங்கிலி அறுபடாமல் வந்ததற்குக் கட்டுப்பாடுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ரோஸ்கில்டில் அந்த நினைப்பு போயிற்று.

ரோஸ்கில்ட், கோபன்ஹேகனுக்கு மேற்கே 30 கி.மீ. ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. செங்கல்லில் கட்டிய பேராலயம், ஒல்லியாக இரண்டு கூர்ங்கோபுரங்கள். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். 1995ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ராஜாக்களும் ராணிகளுமாக நாற்பது பேர் வரை இங்கே அடக்கம். ஒரு தலைமுறைக்கு இடம் நிரம்பியதும் சுவரை ஒட்டி இன்னொரு சிற்றாலயம் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். பழைய கோயிலில் காலத்துக்கு ஒரு மண்டபம் முளைப்பது போல.

நான்காம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்தில் நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள். தரங்கம்பாடி கதை இவரிடம்தான் ஆரம்பம். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து, டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியது இவர் அனுப்பிய ஆட்கள். சுவரில் பெரிய ஓவியம் ஒன்று: 1644 கடற்போரில் கண்ணில் காயம்பட்டு ரத்தம் வழிய, கப்பல் தளத்தில் எழுந்து நிற்கிறார். அப்போது அவருக்கு 67 வயது. எனக்கு அதைவிடப் பக்கத்தில் இருந்த சவப்பெட்டிதான் சுவாரசியமாக இருந்தது. அது அவருடைய மூத்த மகனுடையது. அவர் பெயரும் கிறிஸ்டியன்! அடுத்த ராஜா என்று முடிவாகியிருந்தவர். வந்திருந்தால் கிறிஸ்டியனுக்குப் பின் கிறிஸ்டியன், வரிசை அங்கேயே உடைந்திருக்கும். அப்பாவுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் முன்பு, 1647ல் இறந்துபோனார். தம்பி ஃபிரெடெரிக் பட்டத்துக்கு வந்தார். ஒரு சாவு வரிசையைக் காப்பாற்றிவிட்டது. அந்த மூன்றாம் ஃபிரெடெரிக்கும் அதே அறையில்தான் கிடக்கிறார்.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் எங்கே பார்த்தாலும் ஒட்டுத் தையல்தான். முதலில் வந்த இரண்டாம் கிறிஸ்டியனைத் துரத்திவிட்டுப் பட்டமேறியவர் அவருடைய சித்தப்பா முதலாம் ஃபிரெடெரிக். இருவருமே இங்கே இல்லை. ஒருவர் ஓடென்ஸேயில், மற்றவர் ஷ்லெஸ்விக்கில். ஆறாம் ஃபிரெடெரிக்குக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. அடுத்து வந்தவர் ஒன்றுவிட்ட தம்பி, பெயர் கிறிஸ்டியன். ஏழாம் ஃபிரெடெரிக்குக்குப் பிள்ளையே இல்லை. அரச குடும்பத்தின் க்ளுக்ஸ்போர் கிளையிலிருந்து கொண்டுவந்தவர் பெயரும் கிறிஸ்டியன்.

அந்த ஒன்பதாம் கிறிஸ்டியனை ஐரோப்பாவின் மாமனார் என்பார்கள். ஒரு மகள் இங்கிலாந்து ராணி, ஒரு மகள் ரஷ்யப் பேரரசி. வில்ஹெல்ம் என்ற மகன் கிரேக்கத்துக்கு ராஜாவாகப் போனபோது பெயரை ஜார்ஜ் என்று மாற்றிக்கொண்டார். பேரன் கார்ல் 1905ல் நார்வே போய் ஏழாம் ஹோகோன் ஆனார். வேலை கிடைத்ததும் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் குடும்பம்.

சரி, என் காசுக்காரர் எங்கே?

ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் சிற்றாலயம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நட்சத்திரமும் கிடையாது, ஓவியமும் கிடையாது. வங்காளத்து ஸ்ரீராம்பூருக்கு 'ஃபிரெடெரிக்நகோர்' என்று பெயர் வைத்தது இந்த ஐந்தாமவர் நினைவாகத்தான். இவருடைய முதல் மகன் பெயர் கிறிஸ்டியன், இரண்டு வயது நிரம்பும் முன்பே இறந்துவிட்டது. 1749ல் அடுத்த ஆண் குழந்தை பிறந்ததும் அதே பெயரை எடுத்து அதற்கு வைத்துவிட்டார்கள். அதுதான் ஏழாம் கிறிஸ்டியன். இறந்த அண்ணன் பெயரைச் சுமந்த பிள்ளை என்று படித்ததும் ஏனோ மனசு கனத்தது.

பாவப்பட்ட ராஜா. 17ஐ எட்டும் முன்பே, 1766ல் பட்டம். சீக்கிரமே மனநோய் முற்றியது. வைத்தியம் பார்க்க வந்த ஸ்ட்ரூவென்சே என்ற மருத்துவர், ராணியின் மனதையும் ராஜாவின் அதிகாரத்தையும் கைப்பற்றி, கொஞ்ச காலம் நாட்டையே நடத்தினார். 1772ல் அவர் தலையை வெட்டினார்கள். அப்புறம் மாற்றாந்தாய் கூட்டம், 1784 முதல் மகன். 1808 வரை ராஜா இவர்தான், ஆண்டது மற்றவர்கள். 1777ல் தரங்கம்பாடியை டேனிஷ் வணிகக் கம்பெனியிடமிருந்து டேனிஷ் அரசு நேராக எடுத்துக்கொண்டதும் இவர் பெயரால்தான். காசில் மட்டும் முழு ராஜாவாக இருந்திருக்கிறார்.

அதே அறையில் எட்டாம் கிறிஸ்டியனும் இருக்கிறார். 1845ல் தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றவர். நாங்கள் வந்த ரயில் பாதையைத் திறந்ததும் இவர் காலத்தில், 1847ல்.

பர்ஸிலிருந்து காசை எடுத்து ஏழாமவரின் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். கண்காணிப்புக்கு நின்ற பெண்மணி சந்தேகமாகப் பார்த்தார். காசைக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபக்கத்து எழுத்தைத் தடவி, "காஸ் என்றால் என்ன?" என்றார். "பணம், எங்கள் மொழியில்" என்றேன். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

1972ல் வரிசையில் ஒரு பெண் வந்தார், இரண்டாம் மார்கிரெத. ஒரு கிறிஸ்டியனின் இடத்தில் தாம் இருப்பதாகக் கணக்கு வைத்து மகனுக்கு ஃபிரெடெரிக் என்று பெயரிட்டார். 2024 ஜனவரியில் அவர் பதவி விலக, மகன் பத்தாம் ஃபிரெடெரிக் ஆனார். பேரன் பெயரைச் சொல்லவும் வேண்டுமா? உயிரோடு இருக்கும்போதே மார்கிரெதவின் கல்லறைப் பேழை கண்ணாடியில் தயாராகிவிட்டது. தாங்கும் தூண்களில் வெள்ளி யானைத் தலைகள். ராஜா பட்டம் தரவில்லை என்ற மனத்தாங்கலில், அவர் கணவர் அதில் தமக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக முதலாம் கிறிஸ்டியனின் சிற்றாலயம். அங்கே ஒரு கல்தூணில், வந்துபோன ராஜாக்களின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மகா பீட்டர்கூட அதில் உண்டு. எல்லாருக்கும் மேலே முதலாம் கிறிஸ்டியன், 219.5 செ.மீ. எலும்பை அளந்தவர்கள் 188தான் என்கிறார்கள். எல்லாருக்கும் கீழே இருக்கும் கோடு ஏழாம் கிறிஸ்டியனுடையது. 164 செ.மீ.

மகள் தூணருகே போய் முதுகை நிமிர்த்தி நின்றாள். கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது அவள் தலை.

"ஷூவோட சேர்த்துப் பாருப்பா" என்றாள்.

"ஷூவோட சேர்த்துத்தான் பாத்தேன்."