பயணத்தில் பெற்ற ஈமானை (இறைநம்பிக்கையை) வீடு கொண்டுசேர்ப்பது: ஜெர்மானியப் புதிய முஸ்லிம்களுடன் நின்று கற்றவை

லியோபோல்ட் வைஸ் 1900இல் லெம்பர்க் நகரில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1922இல் ஜெருசலேம் போனார். பிறகு ஒரு ஜெர்மன் நாளிதழின் செய்தியாளராக அரபு நாடுகளையும் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் சுற்றினார். அவர் மனம் இஸ்லாத்தின் பக்கம் திரும்பியது அந்தப் பாதைகளில்தான். ஆனால் அவர் கலிமா, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி, சொன்னது 1926இல், பெர்லினுக்குத் திரும்பி வந்து தன் வாழ்க்கைக்குள் உட்கார்ந்த பிறகு. முஹம்மத் அசத் என்று உலகம் அறிந்தவர் அவரே.

இப்போது பலருக்கு வரிசை மாறிவிடுகிறது. இஸ்தான்புல்லிலோ மராக்கேஷிலோ பயணத்தின் கடைசி நாளில் கலிமா சொல்கிறார்கள், மறுநாள் விமானம் ஏறிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. கலிமாவில் யாரும் தடுக்கி நாங்கள் பார்த்ததில்லை, ஊர் வந்து இறங்கிய பிறகு தடுக்கியவர்கள்தான் அதிகம். ஜெர்மனியில் வாழும் நம்மவர்களைச் சாட்சியாக நிற்க அழைக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கலிமா. அதற்கு ஆலிம் (மார்க்க அறிஞர்) கட்டாயமில்லை, கட்டணம் கிடையாது, பெயர் மாற்ற வேண்டியதும் இல்லை. பொருளை அவருடைய தாய்மொழியில் முழுதாகச் சொல்லி, அவர் புரிந்துகொண்டாரா என்று கேட்டு, அதன் பிறகே அரபியைத் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுங்கள். கிறித்தவராக வளர்ந்தவர் அநேகமாகக் கேட்கும் கேள்வி ஈஸா நபியை (இயேசுவை) பற்றித்தான். அவரை விட்டுவிடச் சொல்லவில்லை, அல்லாஹ்வின் தூதராக ஏற்கிறோம் என்று அங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. தனியறையில் ஏற்கனவே சொல்லிவிட்டேன் என்பவரிடம் அது செல்லாது என்று சொல்லாதீர்கள். அவர் முஸ்லிம்தான். இரண்டு சாட்சிகள் தேவைப்படுவது சான்றிதழுக்காக.

இஸ்லாத்தை ஏற்றதும் குளிக்கும் விஷயத்தில் மத்ஹபுகளுக்குள், அதாவது இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுக்குள், வேறுபாடு உண்டு. மாலிகியிலும் ஹன்பலியிலும் கடமை. ஷாஃபிஈயிலும் ஹனஃபியிலும், குளிப்பு கடமையான நிலை (உடலுறவு, மாதவிடாய் போன்றவை) முன்பு ஏற்படாதிருந்தால், சுன்னத், அதாவது விரும்பத்தக்கது. வயது வந்த ஒருவருக்கு அந்த நிலை எப்படியும் வந்திருக்கும் என்பதால் எல்லோருமே குளித்துவிடுவது பாதுகாப்பு. பெண்கள் நகப்பூச்சை முன்பே அழித்துவிட வேண்டும், தண்ணீர் நகத்தில் படாமல் போனால் குளிப்பு நிறைவேறாது. கலிமாவுக்குப் பிறகு குளிப்பு. குளித்துவிட்டு வா, நாளை சொல்லலாம் என்று கலிமாவைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

கத்னாவை (விருத்தசேதனத்தை) முதல் நாளில் பேச வேண்டாம். ஷாஃபிஈயில் அது கடமை, ஹனஃபியில் சுன்னத். இரண்டிலுமே அது இஸ்லாத்தில் நுழைய நிபந்தனை அல்ல. பின்னர் செய்துகொள்ள விரும்பினால் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் போகலாம். மருத்துவக் காரணம் இல்லையென்றால் ஜெர்மனியின் பொதுக் காப்பீடு செலவை ஏற்காது. புண் முழுதாக ஆறச் சில வாரங்கள் ஆகும் என்பதால் விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இனி காகிதம். துருக்கியில் முஃப்தி (மார்க்கத் தீர்ப்பாளர்) அலுவலகம்தான் சான்றிதழ் தருகிறது. அங்கே இதற்கு இஹ்திதா என்று பெயர், நேர்வழி அடைதல் என்று பொருள். விண்ணப்ப மனு, பாஸ்போர்ட்டும் அதன் நகலும், புகைப்படங்கள் வேண்டும். துருக்கி மொழி தெரியாதவர் மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துப் போக வேண்டும். நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் நாள் குறித்துக்கொள்ளுங்கள், முஃப்தி வெளியூர் போயிருந்தால் பயணத்தின் கடைசி நாள் வீணாகும்.

சான்றிதழில் நாங்கள் அடிக்கடி கண்ட பிழை ஒன்றுதான்: புதிய முஸ்லிம் பெயரை மட்டும் எழுதிவிடுவது. ஆறு மாதம் கழித்து அதை நீட்டினால், யூசுஃப் என்ற இவர் யார் என்று எதிரில் இருப்பவர் கேட்பார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே முதலில் வர வேண்டும், பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் வேண்டும், புதிய பெயர் அதன் பிறகுதான். ஜெர்மன் பெயர்களில் புள்ளி வைத்த உயிரெழுத்துகள் வரும். அவற்றைப் பாஸ்போர்ட்டின் அடிவரியில் எப்படி விரித்து எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இதை வேறு நாட்டு அலுவலகத்தில் காட்டும் எண்ணம் இருந்தால் அப்போஸ்டில் முத்திரையை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்றை, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். துருக்கியில் நிர்வாக ஆவணங்களுக்கு மாவட்ட, மாகாண ஆளுநர் அலுவலகங்கள் அதைப் போட்டுத் தருகின்றன. பெர்லினில் இருந்துகொண்டு துருக்கி ஆவணத்துக்கு ஜெர்மன் அலுவலகத்தில் அப்போஸ்டில் கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் ஆவணம் பிறந்த நாடுதான் அதைத் தர முடியும்.

ஊர் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தேவாலய வரியை நிறுத்துவது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. ஆனால் அரசுப் பதிவேட்டில் அவர் இன்னும் கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட். கலிமா சொன்னதாலோ இஸ்தான்புல் சான்றிதழாலோ அந்தப் பதிவு மாறாது. வருமான வரியின் மீது பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம் மாதாமாதம் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 5,000 யூரோ வருமான வரி கட்டுபவருக்கு, 9 சதவீதம் என்றால் 450 யூரோ. பணம் ஒருபுறம் இருக்கட்டும். தான் விட்டு வந்த சபையின் உறுப்பினராகத் தன் பெயர் நிற்பதே பலருக்கு மனதை உறுத்துகிறது, அந்த உறுத்தல் நியாயமானது.

சபையிலிருந்து விலகலை நேரில் போய் அறிவிப்பதே வழக்கம். பெர்லினில் வட்டார நீதிமன்றத்தில், பவேரியாவில் பதிவாளர் அலுவலகத்தில், இப்படி மாநிலத்துக்கு மாநிலம் இடம் மாறும். அடையாள அட்டை போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெர்லினில் கட்டணம் 30 யூரோ. அவர்கள் தரும் விலகல் சான்றைத் தூக்கிப் போடாதீர்கள். பல ஆண்டுகள் கழித்தும் நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வருவதுண்டு, சான்று இல்லையென்றால் அலைச்சல்தான்.

அரசு ஆவணங்களில் பெயர் மாற்றுவதற்கு எங்கள் ஆலோசனை: வேண்டாம், குறைந்தது முதல் ஆண்டில் வேண்டாம். ஜெர்மன் சட்டம் தக்க காரணம் கேட்கும், பாஸ்போர்ட் முதல் பட்டச் சான்றிதழ் வரை எல்லாம் ஒன்றோடொன்று மோதும். நபிகள் நாயகம் (ஸல்) மாற்றியது பெரும்பாலும் கெட்ட பொருள் உள்ள பெயர்களைத்தான். தாய் வைத்த பெயரை உடனே கழற்றிப் போட்டால் தாயின் மனம் நோகும், அந்த நோவைத் தேடிப்போக வேண்டியதில்லை.

அடுத்தது தொழுகை. நாளுக்கு 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) ஃபர்ளு (கடமை), ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் 7 வசனங்கள். நாளுக்கு ஒரு வசனம் என்று வைத்தால் ஒரு வாரம். அதுவரை தொழாமல் இருக்க வேண்டியதில்லை, சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் போன்ற திக்ருகளை (இறைத்துதிகளை) சொல்லித் தொழலாம். ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வதைத் தடுத்துவிடுங்கள். ஐன், ஹா, காஃப் என்ற அரபி எழுத்துகள் மூன்றும் அந்த எழுத்தில் கரைந்துபோகும், தவறாகப் பதிந்த பிறகு திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். காதால் கேட்டு வாயால் சொல்லட்டும்.

நேரம் பெரிய சிக்கல். பெர்லின் டிசம்பரில் லுஹர், அஸர், மஃரிப் (நண்பகல், பிற்பகல், அந்தித் தொழுகைகள்) மூன்றும் பகல் 12 மணியிலிருந்து 4 மணிக்குள் வந்துவிடும், மூன்றும் அலுவலக நேரம். கழுவுதொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யக் கூச்சப்படுபவருக்குத் தோல் காலுறை பெரிய உதவி. காலையில் முழு ஒளுவோடு அணிந்துகொண்டால், ஊரில் இருப்பவர் ஒரு நாள், பயணி மூன்று நாள், அதன்மேல் ஈரக்கையால் தடவினால் போதும். சாதாரணப் பருத்திக் காலுறை நம் மத்ஹபுகளில் செல்லாது. கோடையில் வேறு சிக்கல். 48.5 பாகை அட்சரேகைக்கு வடக்கே ஜூன் மாத இரவுகளில் சூரியன், இஷா (இரவு), சுப்ஹு (அதிகாலை) தொழுகை நேரங்களைக் கணக்கிட வழக்கமாகக் கொள்ளும் 18 பாகை அளவுக்கு, அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை, பெர்லின் 52.5இல் இருக்கிறது. ஆகவே இஷாவையும் சுப்ஹையும் ஒவ்வொரு பள்ளிவாசலும் ஒவ்வொரு கணக்கில் போடுகிறது, செயலிகள் இன்னும் விலகும். புதியவர் மூன்று அட்டவணைகளைப் பார்த்துக் குழம்பி விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறோம். வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியின் அட்டவணையை எடுத்து, ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றச் சொல்லுங்கள்.

தொழுகை ஓரளவு நிலைத்த பிறகு உம்ரா, அதாவது மக்காவுக்குச் செல்லும் சிறு யாத்திரை. 2019 முதல் சுற்றுலா விசாவிலேயே ஹஜ் காலம் தவிர்த்து உம்ரா செய்ய முடிகிறது, அனுமதியைச் சவூதி அரசின் நுசுக் செயலியில் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் பெயர் ஜெர்மன் பெயராகவே இருக்கும் என்பதால் சான்றிதழின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். புதியவருக்கு மதீனா முதலில், மக்கா பிறகு என்ற வரிசைதான் இலகு. ஓய்வெடுத்து, மதீனாவுக்கு அருகிலுள்ள துல்ஹுலைஃபாவில் நிதானமாக இஹ்ராம் (யாத்திரைக்கான உடையும் உறுதியும்) கட்டலாம். நேராக ஜித்தா போனால் விமானம் மீகாத்தை (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லையை) கடக்கும் முன் நிய்யத் (மனத்தில் உறுதி) வைத்தாக வேண்டும், தூங்கிவிட்டால் பரிகாரம் வரும். மக்காவில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு நடையும் சேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர். பழகாத கால்கள் கொப்பளிக்கும்.

புறப்படும் முன் இன்னொரு தாள் எழுதி வைக்க வேண்டும். அசதின் மனைவி எல்சாவும் அவருக்குப் பிறகு இஸ்லாத்தை ஏற்றவர். 1927இல் இருவரும் ஹஜ் போனபோது, ஹஜ் முடிந்த சில நாள்களில் நோயுற்று மக்காவிலேயே இறந்தார். முஸ்லிம் அல்லாத குடும்பத்தில் ஒரே முஸ்லிமாக இருப்பவர் ஜெர்மனியில் இறந்தால், அடக்கத்தை முடிவு செய்வது குடும்பம்தான். அவர்கள் வழக்கப்படி தகனமும் ஆகலாம். உடலை எரிக்கக் கூடாது, குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழுது அடக்க வேண்டும், எந்தப் பள்ளிவாசலுக்குச் சொல்ல வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒரு பிரதி இமாமிடம், இன்னொன்று அவருடைய தாயின் கையில். தாயிடம் அதைக் கொடுக்கும்போது அவரே உட்கார்ந்து விளக்கட்டும், தபாலில் அனுப்ப வேண்டாம்.