31-ஐத் தொடாதே

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பெரம்பூர்க்காரர் போன். அவர் விடியற்காலையில் கூப்பிட்டால் ஏதோ எரிந்திருக்கிறது என்று அர்த்தம். போன தடவை ரிலே. அதற்கு முந்தின தடவை அவர் மீசை.

"சார், எங்க மாமனாரு தலையில சோப்போட நிக்கிறாரு சார்."

அவர் மாமனார் தலையில் சோப்பு இருந்தால் நங்கநல்லூரில் படுத்திருக்கும் நான் என்ன செய்வது என்று ஒரு கணம் புரியவில்லை.

"டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. உங்க மிஷின் கால் டேங்க் இருக்குன்னு காட்டுது. மோட்டாரே எடுக்க மாட்டேங்குது."

உங்க மிஷினாம். போன வாரம் வரை, அதாவது அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி மேலே எல்.இ.டி. மினுக்கியபோது, அது 'நான் செஞ்ச மிஷின் சார்' ஆக இருந்தது. மாமனார் தலையில் சோப்பு காய ஆரம்பித்ததும் என் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது.

ஆனால் வாயைக் கொடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் ஐந்து பேர் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருப்போமே, அந்தக் கூட்டத்தில் இரண்டு மாதம் முன்பு அரை மணி நேரம் பேசினேன். செய்கிறவன் எழுதி வைக்க வேண்டும், எழுதினதை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று. ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டைப் பாருங்கள், 2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்ற சின்ன ஊரில் ஆரம்பித்தார்கள், அந்த ஊர் பார் ஒன்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள், போர்டின் சர்க்யூட் டயாகிராமையே யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்து கொள்ளுங்கள் என்று வெளியிட்டார்கள், அதனால்தான் இன்று ரிச்சி தெருவில் அதே போர்டு கடைக்குக் கடை கிடைக்கிறது என்று ஒரே முழக்கம். பிறகு என் 'டேங்க் காவலன்' செய்முறையை நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். ஸ்டேப்ளர் பின்கூட அடித்திருந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: '11 நாள் தொடர் சோதனையில் ஒரு முறைகூடத் தவறவில்லை.' இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் தொட்டி மூடியில் ஒரு வாட்டர்புரூஃப் அல்ட்ராசோனிக் சென்சார். அது நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூவு கூவும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்புகிற நேரத்தை மைக்ரோ வினாடியில் எடுத்து 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம். தண்ணீர் குறைந்தால் ரிலே 'டிக்', மோட்டார் ஓடும். மேலே பத்து சென்டிமீட்டர் பாக்கி இருக்கும்போது மறுபடி 'டிக்', நிற்கும். இதற்கு முன்னால் செம்புக் கம்பியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரும் டி.சி. கரண்ட்டும் சேர்ந்து இரண்டே வாரத்தில் கம்பியைப் பச்சை பாரித்து அரித்துவிட்டன. அந்தத் தண்ணீரில் காபி குடித்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, மாமனாருக்கு வருவோம். படுக்கையிலேயே லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தது, ஒரு வரியைத் தவிர.

தூரம் = தூரம் - 31; // மாத்தாதே!!!

ஏன் 31? 31 என்ன? யார் மாத்தக் கூடாது? எழுதியது நான். மூன்று ஆச்சரியக்குறி போட நேரம் இருந்திருக்கிறது. காரணத்தை ஒரு வார்த்தை எழுத நேரம் இல்லை. காலித் தொட்டியில் சென்சாரிலிருந்து அடிவரை 120 இருந்தால், 31-ஐக் கழித்து 89 என்கிறது மிஷின். மீதி 31 சென்டிமீட்டர் தண்ணீர் என்று நம்புகிறது. அதான் கால் தொட்டி. அதான் சோப்பு.

"அந்த 31-ஐ எடுத்துடுங்க சார்" என்றேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்வது போல ஒரு கம்பீரம்.

எடுத்தார். பத்து நிமிஷத்தில், மோட்டார் எடுத்துவிட்டது, மாமனார் குளித்துவிட்டார் என்று சேதி வந்தது. அன்று முழுக்க வீட்டில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். மனிதன் பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு படுத்தபடியே ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் வரவழைத்திருக்கிறான். வருண பகவானுக்கு அடுத்து நான்தான்.

ஞாயிறு காலை மறுபடி போன்.

"சார், இப்ப நிக்க மாட்டேங்குது சார்."

தொட்டி நிரம்பி, வழிந்து, மொட்டை மாடி முழுக்க ஓடி, ஒட்டினாற்போல் இருக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் இறங்கியிருக்கிறது. அங்கே வெள்ளை வேட்டியில் அரிசி வத்தல் பிழிந்து காய வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலை நம்பிப் பிழிந்த வத்தல். பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வரவில்லையாம். வத்தலெல்லாம் மறுபடி கூழாகிப்போன வேட்டியை அப்படியே கொண்டு வந்து இவர் வீட்டு கேட்டின் மேல் விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாராம். "நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல சார்" என்றார்.

எனக்கு உதறல் எடுத்தது. இன்னும் மூன்று பேரிடம் அதே நாலு பக்கம் இருக்கிறது.

என் மூலக் குறிப்புகளைத் தேடினேன். சர்க்யூட் டயாகிராம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இருந்தது. ரெசிஸ்டர் மதிப்பு எழுதிய இடத்தில் சரியாகக் காபி டம்ளர் வட்டம். 1 கே-வா 10 கே-வா? ரெசிஸ்டர் மேல் இருக்கும் கோடுகள் பழுப்பு-கறுப்பு-சிவப்பு என்றால் ஒன்று, பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு என்றால் பத்து. எங்கள் வீட்டு டியூப்லைட்டில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி. போனில் பதினான்கு போட்டோ. ஒன்பதில் என் கட்டை விரல். இரண்டில் ஜீரோ பிசிபி என்கிற ஓட்டைப் பலகையின் அடிப்பக்கம், சால்டர் எல்லாம் திருப்பதி லட்டு சைஸில். ஒன்றில் தோசை, ஏன் என்று தெரியவில்லை. மீதியில் ஒயர் கலர் தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். சிவப்பு ஒயர் தீர்ந்து போய் பிளஸ்ஸுக்குப் பச்சை போட்டிருக்கிறேன். பிறகு எங்கிருந்தோ சிவப்பு கிடைத்ததும் அதை மைனஸுக்குப் போட்டிருக்கிறேன். இந்த ஆளை நம்பி நான் எப்படிப் பிளக்கைச் சொருகினேன்?

கடைசியில் வேறு வழியில்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். தொட்டி மேல் அது உட்கார்ந்திருந்தது. கவிழ்த்து வைத்த நீல பிளாஸ்டிக் வாளி. அடியில் (இப்போது மேலே) ஓட்டை போட்டு, எம்-சீல் வைத்து சென்சார் சொருகியிருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு நீலம் சாம்பலாகியிருந்தது. டேப்பை வைத்தேன். முப்பத்தொன்று.

நாலு பக்கத்தில் வாளி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

ஆனால் தொட்டி மூடியில் நேராக மாட்டாமல் வாளியை ஏன் கவிழ்த்தேன்? கீழே இறங்கி அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"என் வாளிய ஓட்ட போட்டுட்டு ஏன் போட்டேன்னு என்னையே கேக்கிறியா?"

பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். அவள் தினமும் எழுதும் வீட்டுக் கணக்கு நோட்டு. பால், பூ, கீரைக்காரி பாக்கி, நான் ஆறாவது படிக்கும்போது தொலைத்த டிபன் பாக்ஸ் வரை எல்லாம் பதிவாகியிருக்கும் வரிசையில் 2022-ஆம் வருஷத்து நோட்டு. விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

'செப். 25. ஞாயிறு. என் நீல வாளியை ஓட்டை போட்டான். அந்த மிஷினுக்குத் தூரத்தில் இருப்பது தெரியுமாம், ரொம்பக் கிட்டத்தில் வந்தால் தெரியாதாம். எனக்கு வெள்ளெழுத்து மாதிரி. நான் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிற மாதிரி அதை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறான். புது வாளி 180. அவன் தர வேண்டும்.'

அதுதான்! அந்த வகை சென்சாருக்கு இருபது சென்டிமீட்டருக்கும் கிட்டே கண் தெரியாது. தண்ணீர் பத்துக்கு ஏறினாலும் அது இருபது, இருபத்திரண்டு என்று உளறிக்கொண்டே இருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வாளி. வாளி உயரத்தைக் கழிக்கத்தான் 31. வாளி கவிழ்ந்தால் கீழ்ப்பக்கம் அகலம், ஒலிக்குப் புனல் மாதிரி வசதி. அந்த வயதில் எனக்கு மூளை இருந்திருக்கிறது! நாலு பக்கத்தில் நான் எழுதாததை அம்மா வாளிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்.

நோட்டை மூடியிருக்க வேண்டும். நான் ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன்.

'செப். 13. லீவு போட்டு மோட்டார் மிஷின் மாட்டினான். தேங்காய் உடைத்தேன், 30. சாயந்திரம் அவன் ரிச்சி தெரு போயிருந்தபோது மோட்டார் நிற்கவில்லை. போய் நிறுத்தினேன்.'

'14. நிற்கவில்லை. நிறுத்தினேன். தண்ணீர் குறைந்ததும் சுவிட்சை மறுபடி போட்டு வைத்தேன். கத்தரிக்காய் 20.'

'16. நிற்கவில்லை. ஆபீசிலிருந்து போன் செய்து மிஷின் எப்படி இருக்கிறது என்றான். ஜோராக இருக்கிறது என்றேன்.'

'18. ஞாயிறு, வீட்டிலேயே இருந்தான். அவன் குளிக்கப் போனபோது நிறுத்தினேன். ராத்திரி அந்த ஆதம்பாக்கம் பசங்களிடம் போனில் ஒரு மணி நேரம் மிஷினைப் பற்றித்தான் பேச்சு. அவர் போனதற்கு அப்புறம் இப்படிச் சிரித்துப் பேசிப் பார்க்கவில்லை.'

'24. சனி. புரட்டாசி முதல் சனி, ஆஞ்சநேயர் கோயிலில் நல்ல கூட்டம். வருவதற்குள் வழிந்துவிட்டது. பார்த்துவிட்டான்.'

13-லிருந்து 23 வரை விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று. தொடர் சோதனை. ஒரு முறைகூடத் தவறவில்லை.

மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள் என்பதால் சுவிட்ச் கீழேயே இருக்கட்டும் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்தது அப்பாதான். அங்கே போவதற்கும் நாலு படி இறங்க வேண்டும்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா உடனே கழட்டிப் போட்டிருப்ப" என்றாள். கீரையில் ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி எறிந்தாள். "மோட்டாரத்தான நிறுத்தணும். அது என்ன பெரிய வேலையா."

அப்புறம் நான் பெரம்பூருக்குப் போன் செய்து, சார், ஒரு வாளி வாங்குங்கள், கவிழ்த்து அடியில் ஓட்டை போட்டு சென்சாரை மாட்டுங்கள், வாளியின் உயரத்தை அளந்து 31 இருந்த இடத்தில் போடுங்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், வெள்ளெழுத்து உதாரணத்தோடு. சட்டென்று புரிந்துகொண்டார். ஆனால் பட்ட அனுபவம் அவரை உஷாராக்கியிருந்தது.

"நீலக் கலர்தான் வாங்கணுமா சார்?"

ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கத்தை ஆறு பக்கமாக்கினேன். வாளிக்குத் தனிப் படம், ஒயர் கலருக்கு ஒரு மன்னிப்பு. மூன்றாம் பக்கத்துக் கொட்டை எழுத்து வரியை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை, விட்டு வைத்திருக்கிறேன். படுக்கப் போகும் முன் அம்மாவிடம் 200 ரூபாய் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, 'வாளி பாக்கி வரவு 180' என்று எழுதி மூடி வைத்தாள்.

மீதி 20 ரூபாய் பற்றி நோட்டில் ஒரு வார்த்தை இல்லை.